கடைசிப் பக்கத்து அழுக்கு

ரேணுகாம்பாளின் கடையில் புத்தகம் வாங்குவது கஷ்டம். திட்டு வாங்குவது சுலபம்.

செங்கம் சாலையில் ஆசிரமம் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில், தங்கும் விடுதி ஒன்றின் பழைய கார் ஷெட்தான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. தரையில் இடுப்பளவுக்குப் புத்தகக் குவியல்கள். பின்சுவரில் ஒரே ஒரு மரப்பலகை. அதில் இருக்கும் புத்தகங்களை இரண்டு கைகளால் அணைத்துத் தூக்கிவிடலாம். அவற்றைத் தொட்டால் மட்டும் ரேணுகாம்பாள் ஸ்டூலைவிட்டு எழுந்திருப்பார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அப்படித் தொட்டுவிட்டார்.

“சமஸ்கிருதம் கத்துக்கலாம்னு இருக்கேன். இது நல்ல புக்குங்களா?”

“எத்தனை நாள் தங்கறீங்க?”

“பதினஞ்சு நாள்.”

“பதினஞ்சு நாளைக்கு எதுக்கு சமஸ்கிருதம்? ரெண்டு தடவை மலை சுத்துங்க. கால் வலியாவது மிச்சமாவும்.”

அவர் சிரித்துச் சமாளித்தார். “நான் படிக்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“செருப்பு புதுசு, பை புதுசு, கழுத்துல மாலை புதுசு. எல்லாம் இந்த வாரம் வாங்கனது. சமஸ்கிருதம் அடுத்த வாரத்துக்கு. அதுக்கு அடுத்த வாரம் வேற ஏதாவது. வெச்சிட்டுப் போங்க சார், அது படிக்கறவங்களுக்கு.”

அவர் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் எதிர்ச் சாரியில் நடந்து போனார். ரேணுகாம்பாளுக்கு வருத்தமில்லை. நாற்பத்தாறு வயதில் அவர் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பலகையின் சட்டம் எளிது. ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம். வாத்தியார் இல்லாமல், வகுப்பு இல்லாமல், வீட்டில் உட்கார்ந்து அந்த ஒரு புத்தகத்தை வைத்தே பாடத்தைக் கற்றுக்கொள்ள முடிய வேண்டும். அதைவிட நல்லது ஒன்று வந்தால் பழையது கீழே இறங்கும். இரண்டாவது இடம் என்று எதுவும் இல்லை. பலகைப் புத்தகங்கள் விற்பனைக்கும் இல்லை. கடனாகத்தான் தருவார். அதுவும் கேட்பவரைக் குறுக்கு விசாரணை செய்த பிறகு.

புத்தகங்களோடு அவருக்கு இருந்த பகைமை ஒரு ஜாக்கெட்டில் ஆரம்பித்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பம். பிளஸ் டூ முடித்ததும், தினமும் யார் பஸ்ஸில் டவுனுக்குப் போய்வருவது என்று கேட்டுக் கல்லூரியை அப்பா நிறுத்திவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு டவுனுக்குப் போனபோது தேரடி வீதியில் கோணியில் பரப்பி வைத்திருந்த ஒரு தையல் புத்தகத்தை ரேணுகாம்பாள் வாங்கி வந்தார். ஜாக்கெட்டின் முதுகுப் பகுதி வந்தது. முன்பகுதி வந்தது. அடுத்த பக்கத்தில், “கைப்பகுதியை வழக்கம்போல் வெட்டிக்கொள்ளவும்” என்று எழுதியிருந்தது.

“வழக்கம் தெரிஞ்சவ எதுக்குடா புக்கு வாங்கறா?” இன்றைக்கும் அந்த வரியைச் சொல்லும்போது அவர் குரல் ஏறும். துணி வீணாய்ப் போனது. புத்தகம் அடுப்புக்குப் போனது. உலகத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை தெரிந்தவன் தெரிந்தவனுக்கே எழுதியவை என்ற முடிவுக்கு அன்று வந்தவர், அதிலிருந்து இறங்கவில்லை.

கல்யாணமாகி டவுனுக்கு வந்தார். கணவர் சகாதேவன் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறார். மார்ச் மாதம் வெயில் ஏற ஆரம்பித்ததும் வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகள் வரிசையாகக் காலியாகும். மெத்தை, காஸ் அடுப்பு, யோகா பாய் எல்லாவற்றோடும் புத்தகங்களும் சகாதேவனின் வண்டியில் ஏறும். மெத்தைக்கு ஆள் உண்டு. புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. ரேணுகாம்பாள் கேட்டார்.

பொறுக்கும் முறையை அவரே கண்டுபிடித்தார். காலை வெளிச்சத்தில் ஷெட் வாசலில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமல், மூடியபடியே பிடித்து அதன் விளிம்பைப் பார்ப்பார். புரட்டியவர்களின் விரல் அழுக்கு அங்கே படிந்திருக்கும். முக்கால்வாசிப் புத்தகங்களில் ஒரு விரல் கனத்துக்கு அழுக்கு, பிறகு பளிச்சென்று வெள்ளை.

“இதோ, இங்க செத்திருக்கு” என்று அந்த எல்லையில் நகத்தை வைத்துக் காட்டுவார். “இதுக்கு மேல அந்த ஆளுக்குப் புரியல. எழுதனவனுக்கு அதப் பத்திக் கவலையும் இல்ல.”

கடைசிப் பக்கம்வரை அழுக்கேறிய புத்தகம்தான் பலகைக்குப் போகும். வீட்டு வயரிங் புத்தகம் அப்படி ஏறியது. அதன் நடுவில் ஈயப் பற்றவைப்புக் கோல் சுட்ட ஓட்டைகூட உண்டு. ரொட்டி சுடும் புத்தகம் ஏறியது. காய்ந்த மாவு ஒட்டிப் பக்கங்கள் அப்பளம்போல் நொறுங்கும். அதைப் பார்த்துப் படித்தவர்கள் இன்று அதே சாலையிலுள்ள கஃபேக்களில் அடுப்பு முன் நிற்கிறார்கள். கணக்குப் பதிவு, முதலுதவி, இங்கிலீஷ், மோட்டார் காயில் கட்டுவது எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. கையை வெட்டச் சொல்லித்தரும் தையல் புத்தகமும் ஒருநாள் கிடைத்தது.

அரசுத் தேர்வுக்கான கணக்குக்கு மட்டும் நெடுநாள் இடம் காலியாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் கேட்பதும் அதைத்தான்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வருபவர் வல்லரசு. இவரும் கீழ்பென்னாத்தூர்தான். ரேணுகாம்பாளைவிடப் பத்து வயது இளையவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடையின் மாடியில் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். வகுப்பில் வாய் ஓயாதவர்.

“யக்கா, அழுக்கப் பாத்துப் புக்கு எடுக்கறியே, அப்ப டீக்கடை பேப்பர்தான் ஒலகத்துலயே பெஸ்ட்டு.”

“அத கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறானுங்கடா. உன் நோட்ஸ எவன் படிக்கறான்?”

போன வருஷம் மார்ச்சில், அப்படி வந்த ஒருநாள், தரைக்குவியலிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகத்தை வல்லரசு உருவினார். அதே சந்தில் இருந்த கஃபேயின் சமையல்காரர் விட்டுப்போனது. சீசன் முடிந்து கஃபேயை மூடியதும் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

“இது பலகைக்கு ஏறலையாக்கா?”

“பாதியில செத்துடுச்சி. பாரு, பாதி வரைக்கும் அழுக்கு, அப்பறம் வெள்ளை. உன் கிளாஸ் மாதிரியே.”

“அப்ப எனக்குக் குடு.”

“எடுத்துட்டுப் போ. உனக்கு ஏத்தது.”

அதே வாரம், டவுன் லாட்ஜ் ஒன்று கழித்துப்போட்ட சாமான்களோடு பழுப்பு அட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்று வந்தது. விளிம்பு முழுக்க, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை, ஒரே சீரான அழுக்கு. ரேணுகாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பலகையின் காலி இடத்தில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

அடுத்த பொங்கல் முடிந்ததும் இந்தச் சண்டைக்குள் நந்தினி வந்து சேர்ந்தார். ரேணுகாம்பாளின் தம்பி மணிவேலின் மனைவி. வரலாறு படித்த பட்டதாரி. கீழ்பென்னாத்தூரில் மணிவேலுக்கு மாட்டுத் தீவனக் கடை. நந்தினி குரூப் 4 தேர்வு எழுதக் கேட்டபோது அவர் ஒரே நிபந்தனை போட்டார்.

“ஒரு தடவை. வரலன்னா பேசக் கூடாது, கடையில வந்து உக்காரணும்.”

நந்தினிக்குத் தமிழும் பொது அறிவும் கவலையில்லை. கணக்குதான் பயம். அதற்காக வல்லரசுவின் வகுப்பில் சேர்வது என்று முடிவு செய்திருந்தார். செய்தி கேட்டதும் ரேணுகாம்பாள் அடுத்த பஸ் பிடித்துத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்.

“எங்கிட்ட புக்கு இருக்கும்போது எங்க வீட்டுப் பொண்ணு அவன் மாடி ஏறுவாளா? ஊரே என்னைப் பாத்து சிரிக்கறதுக்கா?”

“அண்ணி, எனக்கு இருக்கறது ஒரே சான்ஸு. உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நான்தான் கெடைச்சேனா?”

“சண்டையில்ல, சவால். இந்தப் புக்கப் படிச்சி உனக்குக் கணக்கு வரலன்னா பலகைய ஒடைச்சி அடுப்புல வெக்கறேன்.”

“பலகை எரிஞ்சா எனக்கு வேலை கெடைச்சிடுமா?”

மணிவேல் அக்காவின் பக்கம் சாய்ந்தார். வகுப்புச் செலவு மிச்சம். நந்தினி பழுப்புப் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று ரேணுகாம்பாளுக்குச் சோறு வைத்தார், ஆனால் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.

பகலில் தீவனக் கடை, மற்ற நேரத்தில் புத்தகம் என்று நாட்கள் போயின. பழுப்புப் புத்தகம் நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு கணக்கும் படித்தவுடன் புரிந்தது. “எப்படிப் போவுது?” என்று ரேணுகாம்பாள் போனில் அதட்டும்போதெல்லாம் நந்தினி வேண்டாவெறுப்பாக, “புரியுது” என்றார். ஒவ்வொரு ‘புரியுது’வையும் ரேணுகாம்பாள் வல்லரசுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மே மாதம் வல்லரசு ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மாதிரித் தேர்வு வைத்தார். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நந்தினி அங்கே போனார். மண்டபம் நிரம்பியிருந்தது. விடைத்தாள்களைத் திருத்தியதும் வல்லரசு மேடையேறி மைக்கில் மதிப்பெண்களை வாசித்தார்.

“கீழ்பென்னாத்தூர் நந்தினி. தமிழ் சூப்பர். பொது அறிவு சூப்பர். கணக்கு...” தாளைத் தள்ளிப் பிடித்தார். “கணக்கு இருபத்தஞ்சுக்கு நாலு. நீ யாருகிட்டம்மா படிக்கற?”

நந்தினி எழுந்து நின்றார். “புக்கு வெச்சி நானே படிக்கறேன் சார்.”

“எந்தப் புக்கு? செங்கம் ரோட்டுல கற்பூரம் காட்டி வெச்சிருக்காங்களே, அதுவா?”

மண்டபம் சிரித்தது. நந்தினி யாருடைய உறவு என்பது வல்லரசுவுக்கு நன்றாகத் தெரியும்.

நந்தினி மண்டபத்திலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தார். பையிலிருந்து பழுப்புப் புத்தகத்தை எடுத்து ரேணுகாம்பாளின் காலடியில் வீசினார். சந்தில் போன ஆட்டோக்காரர்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்.

“நாலு! நாலு அண்ணி! மைக்ல சொன்னான்! பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டாத கொறைதான்!”

“கத்தாத. நீ ஒழுங்காப் படிச்சியா?”

“ஒரு கணக்கு விடாம படிச்சேன். கேளுங்க, எல்லாம் சொல்றேன். ஆனா அங்க வெறும் கேள்வி மட்டும் இருந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.”

ரேணுகாம்பாள் குனிந்து புத்தகத்தை எடுத்தார். பழக்கத்தில் விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். அழுக்கு அப்படியே இருந்தது, சீராக, அழகாக. பிறகு, அந்தப் புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். திறந்து பார்த்தார்.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே அதன் விடை, வழிமுறையோடு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான். எந்தப் பக்கத்திலும் ஒரு பென்சில் கோடு இல்லை. அழித்த தடம் இல்லை. ஓரத்தில் ஒரு கூட்டல்கூட இல்லை. எத்தனையோ பேர் கதைப்புத்தகம்போலப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பலகையைத் திரும்பிப் பார்த்தார். வயரிங் புத்தகத்தில் சுட்ட ஓட்டை. ரொட்டிப் புத்தகத்தில் மாவு. தையல் புத்தகத்தில் சுண்ணாம்புக் கட்டித் தூள்.

“இதுல விரல் அழுக்குதான் இருக்கு” என்றார் மெதுவாக. “வேலை செஞ்ச அழுக்கு இல்ல.”

“இத ஜனவரியிலயே பாத்திருக்கலாமே? எனக்கு ஜூலையில பரிச்சை!”

“பாத்திருக்கலாம்.”

மன்னிப்பு என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. நந்தினியும் எடுத்துக்கொள்ளவில்லை. “பலகைய ஒடைக்கறேன்னீங்களே, ஒடைங்க” என்றார்.

வண்டியிலிருந்து மெத்தை இறக்கிக்கொண்டிருந்த சகாதேவன் இடையில் புகுந்தார். வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை. பேச இடமும் கிடைப்பதில்லை.

“அந்தச் சமையல்காரன் ஒரு கறுப்பு புக்கு வெச்சிருந்தானே? அடுப்பாண்ட ஒக்காந்து பென்சிலால எழுதிக்கினே இருப்பான். அது இன்னா ஆச்சி?”

“அது பாதியில செத்தது.”

“எங்க செத்தது? கஃபேய மூடிட்டாங்க, அவன் போயிட்டான். இந்த ஏரியாவுல எல்லாரும் வெயில் வந்தா பாதியிலதான போறாங்க? அதுக்குப் புக்கு இன்னா பண்ணும்?”

ரேணுகாம்பாள் தரையில் கிடந்த குவியல்களைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பாதியில் செத்ததாக அவர் தள்ளிய புத்தகங்கள் சுற்றிலும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. அவற்றில் எத்தனை மார்ச் மாதத்தால் செத்தவையோ.

ஆனால் கேள்வி அதுவல்ல. கறுப்புப் புத்தகம் இருப்பது வல்லரசுவிடம்.

மறுநாள் காலை செல்போன் கடை மாடிப்படியில் ரேணுகாம்பாள் ஏறினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வல்லரசு கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தினார். மாணவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“வாங்க வாங்க! யாரு வந்திருக்காங்க பாருங்க. அக்காவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா. அட்மிஷனாக்கா?”

“அந்தக் கறுப்பு புக்கு குடு.”

“எது, எனக்கு ஏத்ததுன்னு சொன்னியே, அதுவா?”

“அதுதான்.”

வல்லரசு அதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரேணுகாம்பாள் அங்கேயே நின்று திறந்து பார்த்தார். ஓரமெல்லாம் பென்சில் கணக்கு, அழித்து அழித்துத் தாள் தேய்ந்திருந்தது. கேள்விகள் சின்னதில் தொடங்கி ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறின. விடைகள் கடைசியில் தனியாக இருந்தன. அந்தப் பக்கங்களைச் சமையல்காரர் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டிருந்தார், அவசரப்பட்டுப் பார்த்துவிடாமல் இருக்க. முடித்த பாடத்துக்கான பக்கங்கள் மட்டும் கவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சில கேள்விகளுக்கு எதிரே வல்லரசுவின் சிவப்பு மை டிக் இருந்தது.

“மாதிரித் தேர்வுக்குக் கேள்வியெல்லாம் இதுலேர்ந்துதான எடுத்த?”

“நல்ல புக்கு யாருகிட்ட இருந்தா இன்னா?” வல்லரசு சிரித்தார். “எடுத்துட்டுப் போக்கா. ஆனா ஒண்ணு. நந்தினி பாஸ் பண்ணா அவ மூஞ்சி என் ஃபிளெக்ஸ்ல வரும். எங்க தெரியுமா? உன் கடைக்கு எதிர்ல.”

“ஃபெயிலானா?”

“ஃபெயிலானா உன் பலகை மேல மாட்டிக்கோ.”

வகுப்பு கைதட்டியது. ரேணுகாம்பாள் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு, “சரி” என்று ஒரு வார்த்தை சொல்லி இறங்கினார்.

விஷயத்தைக் கேட்டு நந்தினி கொதித்தார். “என் மூஞ்சிய வித்துட்டு வந்துட்டீங்களா?”

“ஆமா. பாஸ் பண்ணாத்தான் அது அவனுக்குச் சேரும். குடுக்க இஷ்டமில்லன்னா ஃபெயிலாயிடு.”

அதன் பிறகு தேர்வுவரை இருவருக்கும் நடந்ததைப் படிப்பு என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம். காலை முதல் பஸ்ஸில் நந்தினி ஷெட்டுக்கு வருவார். தகரக் கூரை, மே மாத வெயில். ரேணுகாம்பாளுக்கும் அந்தக் கணக்குகள் தெரியாது. சொல்லித்தரவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒட்டிய பக்கங்களைக் காவல் காத்தார், அவ்வளவுதான்.

“ஒரே ஒரு விடை பாத்துக்கறேன் அண்ணி.”

“போட்டியா?”

“வரல.”

“வரலன்னா போடல. போடு.”

“நீங்கெல்லாம் மனுஷிதானா?”

“பேசற நேரத்துல ஒரு கணக்கு போட்டிருக்கலாம்.”

மதியம் கீழ்பென்னாத்தூர் திரும்பித் தீவனக் கடையில் உட்கார்ந்தும் நந்தினி எழுதினார். முதல் பாதியைப் பத்து நாளில் தாண்டினார். சமையல்காரர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் ஓரங்களில் உதவிக்குப் பென்சில் கோடு எதுவும் இல்லை. அங்கே ஒரு நாள் அழுதார், ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். இரண்டு நாளும் மறுநாள் முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

ஐப்பசியில் முடிவு வந்தது. நந்தினியின் தரவரிசை எண்ணைப் பார்த்த மணிவேல், கல்லாவிலிருந்து எழுந்து வந்து, “இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?” என்று கேட்டார். நல்ல நம்பர். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. கடையில் உட்கார வேறு ஆள் தேடவேண்டியதாயிற்று.

அந்த வார இறுதிக்குள் ரேணுகாம்பாளின் கடைக்கு எதிரே ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. கும்பிட்டபடி வல்லரசு ஆளுயரத்துக்கு. மூலையில் அஞ்சல்தலை அளவுக்கு நந்தினி. “எங்கள் பயிற்சியில் உருவான சாதனை மாணவி.” தினமும் கடை திறக்கும்போது ரேணுகாம்பாள் அதன் முகத்தில்தான் விழித்தார்.

“அந்தப் பொண்ணு அங்க படிச்சாங்களாம்மா?” என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்.

“அங்க ஒரு நாள் அவமானப்பட்டா. மீதியெல்லாம் இங்கதான் பட்டா.”

புத்தகத்தைத் திரும்ப வாங்க வல்லரசு வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. பலகையில், பழுப்புப் புத்தகம் இருந்த இடத்தில், கறுப்புப் புத்தகம் நின்றது. விளிம்பில் பாதிவரை சமையல்காரரின் எண்ணெயும் மஞ்சளும். அதற்கு மேல் கடைசித் தாள்வரை நந்தினியின் தீவனக் கடைப் புண்ணாக்குக் கறை.

“என் புக்கு குடுக்கா.”

“பலகைப் புக்கு விக்கறதில்ல.”

“ஏய், அது நீ எனக்குக் குடுத்தது!”

“உனக்குக் குடுத்தது பாதி அழுக்கு புக்கு. இது முழு அழுக்கு. வேணும்னா கடனா தரேன், உக்காந்து போடறதுன்னா. எத்தனை நாள் தங்கற?”

“ஃபிளெக்ஸ் தீபம் வரைக்கும் அங்கதான் நிக்கும், பாத்துக்கோ. தெனம் பாத்து வயிறு எரி.”

“நிக்கட்டும். கட்டன கயிறப் பாத்தேன், ரெண்டு மழைக்குத் தாங்காது.” ரேணுகாம்பாள் அண்ணாந்து, ஒழுகும் தகரக் கூரையைப் பார்த்தார். அதன் கீழே பாதியில் செத்த புத்தகங்கள், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்படுவதற்காகக் காத்துக் கிடந்தன. “விழுந்தா நான் எடுத்துக்கறேன். எனக்கும் ஒரு தார்ப்பாய் வேணும்.”